கெல்டிக் முடிச்சும் பூவும் அச்சிட்ட துணிப்பை: அதில் எது எந்தக் காலத்தது?

கேட்கப்பட்டது இதுதான். இணையக் கடையில் ஒரு டோட் பை. நடுவில் முடிவில்லாமல் ஓடும் பின்னல் முடிச்சு, சுற்றிலும் பூக்கள், மேலே மூன்று சுருள்கள், கீழே வேரும் கிளையும் பின்னிக்கொண்ட ஒரு மரம். “பழங்கால கெல்டிக் பேகன் (கிறித்தவத்துக்கு முந்தைய சமயத்து) மலர் வடிவம்” என்று சொல்லி விற்கிறார்கள். இது உண்மையிலேயே பழையதா? வாங்கலாமா? இதேபோல் ஒன்றை நாமே வரைந்து அச்சிட்டால் எதைக் கவனிக்க வேண்டும்?

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பையில் உள்ள ஒவ்வொரு உறுப்புக்கும் உண்மையான வரலாறு உண்டு. ஆனால் அவை ஒரே காலத்தவை அல்ல. மிகப் பழையதற்கும் மிகப் புதியதற்கும் இடையே ஐயாயிரம் ஆண்டுகள் கிடக்கின்றன. மூன்று சுருள் கெல்ட் மக்களுக்கு வெகுகாலம் முந்தையது. பின்னல் முடிச்சைச் செழிக்கவைத்தவர்கள் கிறித்தவத் துறவிகள். மரத்தின் மீது ஏற்றப்பட்டிருக்கும் கதைகளில் பெரும்பகுதி 20ஆம் நூற்றாண்டில் பிறந்தது. கெல்ட் மக்களே உருவாக்கிய செடிகொடி அலங்காரம் என்று ஒன்று இருக்கிறது. இந்த எல்லாவற்றிலும் மிக அழகானது அதுதான். கடைகளில் தொங்கும் பைகளில் பெரும்பாலும் காணக் கிடைக்காததும் அதுதான். என் ஆதங்கம் முழுவதும் அதைப் பற்றியது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கெல்ட் என்ற பெயரில் ஒரே அரசோ ஒரே நாடோ இருந்ததில்லை. உறவுடைய மொழிகளைப் பேசிய பல குடிகள் ஐரோப்பாவின் நடுப்பகுதியிலிருந்து பிரான்ஸ், பிரிட்டன், அயர்லாந்து வரை பரவி வாழ்ந்தன. சுவிட்சர்லாந்தில் நியூஷாட்டெல் ஏரிக்கரையில் லா டென் என்ற இடம். 1857இல் ஏரி நீர் வற்றியபோது அங்கே வாள்களும் ஈட்டிகளும் கண்ணில் பட்டன. அந்த இடத்தின் பெயராலேயே கி.மு. 450 வாக்கில் தொடங்கிய ஒரு கலைப்பாணியை லா டென் கலை என்கிறோம். அக்காலத்தில் கிரேக்கர்களிடமிருந்தும் இத்தாலியில் வாழ்ந்த எட்ரஸ்கன்களிடமிருந்தும் ஒயினும் ஒயின் பாத்திரங்களும் வடக்கே வந்தன. அந்தப் பாத்திரங்களின் விளிம்பில் தாமரை மொட்டும் விசிறிபோல் விரிந்த பனையோலை வடிவமும் மாறி மாறி வரிசையாக ஓடும். கிரேக்கர்கள் அந்தத் தாமரையை எகிப்து, மேற்காசியக் கலையிலிருந்து எடுத்துக்கொண்டவர்கள். வடக்கே இருந்த பொற்கொல்லர்களும் கருமான்களும் இந்த வடிவங்களைப் பார்த்தார்கள், அப்படியே நகலெடுக்கவில்லை. வரிசையைக் கலைத்தார்கள். மொட்டை இரண்டாகப் பிளந்து பாதியை மட்டும் எடுத்தார்கள். அந்தப் பாதியின் நுனியை இழுத்துக் கொடியாக்கி அடுத்த பாதிக்குள் நுழைத்தார்கள். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாத ஓட்டம் ஒன்று பிறந்தது. இந்தக் கலையின் வேர்களை முதன்முதலில் முறையாகப் பிரித்துக் காட்டியவர் பால் யாக்கப்ஸ்தால் என்ற அறிஞர். நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறி ஆக்ஸ்ஃபோர்டில் அமர்ந்து 1944இல் தம் ஆய்வை வெளியிட்டார்.

சில பொருள்களைத் தேடிப் பாருங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஜெர்மனியின் வால்டல்கெஸ்ஹைமில் 1869இல் திறக்கப்பட்ட ஒரு பெண்ணின் கல்லறையில் கிடைத்த பொன் கழுத்துவளையமும் கைவளைகளும் முதலாவது. அவற்றின் மேல் ஓடும் கொடிகளைப் பார்த்தால் உலோகம் வளர்வதுபோல் தோன்றும். பிரான்ஸில் ஆங்குலேம் நகருக்கு அருகே அக்ரி என்ற ஊரின் குகையில் 1981இல் கிடைத்த தலைக்கவசம் இரண்டாவது. பொன்தகடு போர்த்தி, பவளம் பதித்து, பனையோலை வடிவங்களை வரிசை வரிசையாக நிறைத்திருக்கிறார்கள். அயர்லாந்தின் கால்வே மாவட்டத்தில் டூரோ என்ற இடத்துக் கருங்கல் மூன்றாவது. அந்தக் கல்லின் மேற்பகுதி முழுவதையும் வளைந்த இலைவடிவங்கள் மூடியிருக்கின்றன. எது வடிவம், எது வடிவங்களுக்கு இடைப்பட்ட வெற்றிடம் என்று கண் திரும்பத் திரும்பத் தடுமாறும்.

துணியில் அச்சிட விரும்புகிறவர் தவறாமல் பார்க்க வேண்டியது டெஸ்பரோ கண்ணாடி. இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷயரில் 1908இல் கிடைத்த வெண்கலக் கைக்கண்ணாடி அது. இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதன் பின்புறத்தில் கவராயத்தால் வரைந்த வளைவுகள் ஒன்றையொன்று தொட்டு, மூவிதழ்போல் விரிகின்றன. வளைவுகளுக்குள் கூடைப்பின்னல் போன்ற நுண்கோடுகளைச் செதுக்கி நிரப்பியிருக்கிறார்கள். வழுவழுப்பான வெண்கலம் ஒரு நிறம், கோடு நிறைந்த பகுதி இன்னொரு நிறம் என்று கண்ணுக்குப் படுகிறது. ஒரே ஒரு மை, ஒரே ஒரு ஸ்கிரீன் (மையை இறக்கும் அச்சுத்திரை) வைத்துக்கொண்டு இரண்டு நிறத்தைக் காட்டும் வித்தை இது. ஈராயிரம் ஆண்டுக்கு முன் உலோகத்தில் செய்தது கேன்வாஸ் துணிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது.

இந்தக் கலைக்கு ஓர் இலக்கணம் உண்டு: எந்தப் பூவையும் பெயர் சொல்லி அடையாளம் காட்ட முடியாது. இலை என்று நினைத்துப் பார்த்தால் பறவையின் தலையாகத் தெரியும். இன்னும் கொஞ்சம் பார்த்தால் ஒரு முகம் எட்டிப் பார்க்கும். அந்த ஐயமே அதன் உயிர். ஆகவே பையில் ரோஜாவும் டெய்சியும் தெளிவாக மலர்ந்திருந்தால், அந்தப் பூக்கள் பழைய கெல்டிக் கலையிலிருந்து வந்தவை அல்ல என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

இன்னொன்று. இந்த வளைவுகள் எல்லாம் உலோகத்திலும் கல்லிலும் கிடைத்தவை. ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட் உப்புச் சுரங்கத்தில் உப்பு காப்பாற்றிக் கொடுத்த பழைய துணித் துண்டுகள் உள்ளன. அவற்றில் காண்பவை கட்டம், கோடு, முக்கோணமும் சாய்சதுரமும் நெய்த பட்டைகள். கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிய டியோடோரஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியரும் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டவர் கோடும் கட்டமும் போட்ட பல நிறப் போர்வை அணிந்தார்கள் என்றே சொல்கிறார். பழங்கால கெல்டிக் துணி என்று அடம்பிடித்துக் கேட்டால் கையில் வருவது கட்டம்போட்ட துணிதான். அதனால் வளைவுகளைத் துணியில் அச்சிடக் கூடாது என்று சொல்ல வரவில்லை. உலோகக் கலையைத் துணிக்கு மாற்றுவது வடிவமைப்பாளர் எடுக்கும் முடிவு. அந்த முடிவின் பெருமை அவருக்கே சேர வேண்டும்.

மூன்று சுருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் புகழ்பெற்ற இருப்பிடம் அயர்லாந்தின் நியூகிரேஞ்ச். கி.மு. 3200 வாக்கில் எழுப்பிய கல்லறை மேடு அது. குளிர்காலக் கதிர்த்திருப்ப நாளில் (ஆண்டின் மிகக் குறுகிய பகல்) உதயசூரியனின் ஒளி உள்ளறை வரை நுழையும்படி கட்டியிருக்கிறார்கள். வாசல் கல்லிலும் உள்ளறையிலும் அந்தச் சுருள்கள் உள்ளன. அயர்லாந்தில் கெல்டிக் மொழி எதுவும் பேசப்படுவதற்கு வெகுகாலம் முன்பே வேளாண்மை செய்து வாழ்ந்த மக்கள் செதுக்கியவை அவை. லா டென் கலைஞர்களும் மூன்று கை சுழலும் வடிவத்தை விரும்பினார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களுடைய சுழலில் கை நுனி எக்காளம்போல் அகன்று விரியும். நியூகிரேஞ்ச் சுருளில் கோடு ஒரே தடிமனில் சுற்றும். பையில் இருப்பது எது என்று இந்த ஒரு குறிப்பை வைத்தே கண்டுகொள்ளலாம்.

இனி முடிச்சு. கெல்டிக் என்றாலே பலர் மனத்தில் தோன்றும் அந்தப் பின்னல், பேகன் காலத்துக் கெல்ட் மக்களிடம் இருக்கவில்லை. ரோமானியத் தரைச் சித்திரங்களில் ஓடிய கயிற்றுப் பின்னல், மத்தியதரைக் கடல் நாடுகளின் கிறித்தவச் சுவடிகள், ஆங்கிலோ-சாக்சன் பொற்கொல்லர்களின் விலங்குப் பின்னல் ஆகியவை 7ஆம் நூற்றாண்டில் அயர்லாந்து, வடக்கு பிரிட்டன் மடாலயங்களில் ஒன்றுகூடின. 700 வாக்கில் ஈட்ஃபிரித் என்ற ஆயர் எழுதி வரைந்ததாகக் கருதப்படும் லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூலும், 800 வாக்கில் உருவாகி இன்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் உள்ள கெல்ஸ் நூலும் அதன் உச்சம். இரண்டும் கிறித்தவ வேத நூல்கள். செடிகொடி விஷயத்தில் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. லிண்டிஸ்ஃபார்ன் நூலின் அலங்காரம் பறவையும் நாயும் முடிச்சுமாக இருக்கும். செடிக்கு அங்கே இடமில்லை என்றே சொல்லலாம். கெல்ஸ் நூலில் கிண்ணத்திலிருந்து முளைத்துப் படரும் திராட்சைக்கொடி வருகிறது. அந்தக் கொடி கிறிஸ்துவைக் குறிப்பது. ஸ்காட்லாந்தின் ரத்வெல் சிலுவையில் பறவைகள் கொத்தித் தின்னும் கொடியும் அதே பொருளில் செதுக்கியதுதான். முடிச்சோடு பின்னிய கொடிக்குப் பழைய ஆதாரம் தேடுகிறவர் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒரு மடாலயம்.

முடிச்சின் உள்ளமைப்பைப் பற்றிப் பேசும்போது தமிழர்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. சிக்குக் கோலம் போடத் தெரிந்தவர் கெல்டிக் முடிச்சின் பாதியை ஏற்கெனவே கற்றுவிட்டார். இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் கணிதம் ஒன்றே. நேர்ப்புள்ளியாக வரிசைக்கு நான்கு என மூன்று வரிசை வைத்து, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே ஒவ்வொரு இடத்திலும் கோடுகள் குறுக்கிடும்படி சிக்கு போட்டால் ஒரே கோட்டில் முடிந்துவிடும். நாலுக்கு நாலு வைத்தால் நான்கு தனித்தனிக் கோடுகள் வரும். ஆறுக்கு நான்கு என்றால் இரண்டு. இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ அத்தனை கோடுகள். மொசாம்பிக்கில் வாழ்ந்த கணித அறிஞர் பவுலஸ் கெர்டஸ் அங்கோலா மக்களின் மணல் ஓவியங்களோடு தமிழ்க் கோலத்தையும் வைத்து இந்த வகைக் கோடுகளை ஆராய்ந்தார். அதற்கு முன்பே, 1974இல், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தின் இலக்கணத்தைக் கணினி அறிவியலுக்குள் கொண்டுவந்தார்கள்.

கெல்டிக் முடிச்சும் இப்படித்தான் ஒரு எளிய பின்னலில் தொடங்குகிறது. சில இடங்களில் குறுக்கிடும் கோடுகளை வெட்டி, எதிர்த்திசையில் திருப்பி ஒட்டினால் முடிச்சு பிறக்கிறது. ரொமிலி ஆலன் என்ற ஆய்வாளர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்துக் கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்து இதை நிறுவினார். கற்களில் காணும் அநேகமாக எல்லா முடிச்சுகளும் பின்னலை வெட்டி ஒட்டியதால் வந்தவை என்று காட்டினார். ஜார்ஜ் பெய்ன் என்ற ஸ்காட்லாந்து ஓவிய ஆசிரியர், பள்ளிப் பிள்ளைகளும் வரையும்படி அதைப் படிப்படியான முறையாக்கி 1951இல் நூலாக வெளியிட்டார். கோலத்தில் புள்ளி கடைசிவரை நிற்கும், கோடு அதைச் சுற்றி ஓடும். துறவிகளோ புள்ளியை மறைத்துவிட்டார்கள். ஆனால் லிண்டிஸ்ஃபார்ன் ஏடுகளின் பின்பக்கத்தில் கவராய முனை குத்திய துளைகளும் கட்டக் கோடுகளும் இன்றும் தெரிகின்றன. கோலத்தில் இல்லாத ஒன்று முடிச்சில் உண்டு: கோடு ஒருமுறை மேலே போனால் அடுத்த குறுக்கீட்டில் கீழே போக வேண்டும். எந்த மூடிய கோட்டையும் இப்படி மேல்-கீழ், மேல்-கீழ் என்று தவறாமல் அமைக்க முடியும் என்பது கணித உண்மை. ஆகையால் எங்காவது தொடர்ந்து இரண்டு முறை மேலே போனால் அது வரைந்தவரின் பிழை. அதற்கு வேறு விளக்கம் கிடையாது.

பை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனையும் இதுவே. படத்தைப் பெரிதாக்கி, ஏதாவது ஒரு கோட்டைப் பிடித்து விரலால் தொடருங்கள். சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேர வேண்டும். நடுவில் அறுந்து நின்றாலோ, இலைக்கு அடியில் புகுந்து வெளியே வராமல் போனாலோ, மேல்-கீழ் தவறினாலோ அந்தப் படத்தை யாரும் கவனமாக உட்கார்ந்து வரையவில்லை. செயற்கை நுண்ணறிவு உருவாக்கிக் கொட்டும் படங்களில் இந்தக் குறை மலிந்திருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் முடிச்சுபோல் இருக்கும், அருகே போனால் சிதறிவிடும். காசு கொடுத்து வாங்குகிறவருக்கு முழுமையான முடிச்சைக் கேட்கும் உரிமை இருக்கிறது.

பேகன் என்ற சொல்லுக்கு வருகிறேன். ஐரோப்பாவில் கிறித்தவம் பரவுமுன் இருந்த வழிபாடுகளை அப்படி அழைக்கிறார்கள். அவற்றின் நினைவில் இயற்கையை வழிபடும் இன்றைய சமயங்களுக்கும் அதுவே பெயர். அவற்றுள் பெயர்பெற்ற விக்கா, 1954இல் ஜெரால்டு கார்ட்னர் என்ற ஆங்கிலேயர் எழுதிய நூலின் வழியே வெளியுலகுக்குத் தெரியவந்தது. பைகளில் எட்டு ஆரச் சக்கரத்தைச் சுற்றிப் பூக்கள் இருந்தால் அது அந்தச் சமயத்தின் ஆண்டுச் சக்கரம். அதில் சாவின், இம்போல்க், பெல்டேன், லூனஸா ஆகிய நான்கும் அயர்லாந்தின் பழைய பருவ நாள்கள். மற்ற நான்கும் கதிர்த்திருப்ப நாள்களும் சமஇரவு நாள்களும். எட்டும் ஒரே சக்கரமாகச் சேர்ந்தது 1950களில்; லித்தா, மேபன் என்ற பெயர்கள் அதில் ஏறியது 1970களில், அமெரிக்காவில். இலைகளுக்கு நடுவே முகம் தெரியும் ‘பச்சை மனிதன்’ உருவமும் அப்படியே. தேவாலயக் கூரைகளிலும் தூண்களிலும் இருந்த அந்த முகங்களுக்கு லேடி ராக்லன் 1939இல் எழுதிய கட்டுரையில்தான் அந்தப் பெயர் கிடைத்தது. மாதத்துக்கு ஒரு மரம் என்ற ‘கெல்டிக் மர நாள்காட்டி’ 1948இல் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸின் கற்பனையில் பிறந்தது. ஓகம் என்ற பழைய அயர்லாந்து எழுத்துகளில் சிலவற்றுக்கு பிர்ச், ஓக், ஹேசல் என்று மரப்பெயர்கள் இருந்தது உண்மை. அதை மாதக் கணக்காக மாற்றியது கிரேவ்ஸ்.

இவற்றைச் சொல்வது அந்தச் சமயத்தாரைத் தாழ்த்துவதற்காக இல்லை. எழுபது ஆண்டுகளாக மக்கள் மனமார வழிபடும் ஒன்று, எழுபது ஆண்டு வயது என்பதற்காகப் பொய்யாகிவிடாது. “இன்றைய பேகன் ஆண்டுச் சக்கரம்” என்று எழுதி விற்றால் அது நேர்மையான, அழகான பை. “ஈராயிரம் ஆண்டு பழமை” என்று எழுதும்போதுதான் கோபம் வருகிறது.

சரி, உண்மையான பழைய வேர் உள்ள பூக்களே கிடையாதா? உண்டு. சிற்பத்தில் தேடினால் கிடைக்காது. கதையிலும் நாட்டார் வழக்கத்திலும் தேட வேண்டும். வடிவமைப்பாளர்கள் கைவைக்காத பெரும் செல்வம் அங்கே இருக்கிறது.

வேல்ஸ் நாட்டின் இடைக்காலக் கதைத்தொகுதியான மாபினோகியின் நான்காம் கிளையில் ப்ளொடைவெத் என்ற பெண் வருகிறாள். மண்ணுலகப் பெண்ணை மணக்கக் கூடாது என்ற சாபம் பெற்ற ஒருவனுக்காக, மந்திரவாதிகள் இருவர் ஓக் மரத்தின் பூ, புரூம் என்ற புதரின் மஞ்சள் பூ, மெடோஸ்வீட் என்ற வெண்ணிறக் கொத்துப் பூ மூன்றையும் கொண்டு அவளைப் படைக்கிறார்கள். அவள் வேறொருவனைக் காதலித்துக் கணவனைக் கொல்லத் துணிகிறாள். கடைசியில் ஆந்தையாக மாற்றப்படுகிறாள். மூன்று பூ, ஒரு பெண், ஓர் ஆந்தை! 14ஆம் நூற்றாண்டுச் சுவடியில் இருக்கும் கதை. எந்தப் பூ என்று பெயர் சொல்லியே கொடுத்திருக்கிறார்கள். இதைவிட நல்ல கருப்பொருள் ஒரு பைக்கு வேறு என்ன வேண்டும் என்று தெரியவில்லை.

அயர்லாந்தில் மே மாதத் தொடக்கமான பெல்டேனுக்கு முந்தைய மாலையில் வாசற்படியிலும் சன்னலிலும் மஞ்சள் பூக்களைத் தூவும் வழக்கம் இருந்தது. வீட்டையும் மாட்டையும் பாலையும் தீய சக்திகள் அண்டாமல் காக்க அது. பிரிம்ரோஸ், கோர்ஸ், மார்ஷ் மேரிகோல்டு ஆகியவை அந்தப் பூக்கள். மேரிகோல்டு என்ற பெயரைப் பார்த்து நம் ஊர்ச் செண்டுமல்லியை வரைந்துவிட வேண்டாம். செண்டுமல்லி மெக்சிகோவிலிருந்து வந்த செடி. மார்ஷ் மேரிகோல்டு சதுப்பு நிலத்தில் வளர்வது. பெரும்பாலும் ஐந்து இதழ், எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும் மஞ்சள், சிறுநீரக வடிவில் இலை. பிரிம்ரோஸின் மஞ்சள் வெளிறியது; இதழ் நுனியில் இதய வடிவ வெட்டு இருக்கும்.

ஹாதார்ன் என்ற முள்மரம் இன்னொன்று. மே மாதத்தில் வெள்ளையாகப் பூத்துக் குலுங்கும். வயலின் நடுவே தனித்து நிற்கும் ஹாதார்ன் மரம் மாய மக்களுடையது என்று நம்பி அதை வெட்ட அஞ்சுவார்கள். பூவை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். 1999இல் கிளேர் மாவட்டத்தின் லட்டூனில் ஒரு நெடுஞ்சாலை அப்படி ஒரு மரத்தின் மேல் போவதாக இருந்தது. எட்டி லெனிஹன் என்ற கதைசொல்லி எதிர்ப்புத் தெரிவிக்க, மரம் பிழைத்தது. ஓக் மரத்தில் வளரும் புல்லுருவிக்கோ இன்னும் பழைய சான்று உண்டு. நிலவின் ஆறாம் நாளில் வெள்ளுடை அணிந்த துருயிட் என்ற கெல்ட் பூசாரி மரமேறிப் பொன் அரிவாளால் அதை அறுப்பார், இரண்டு வெள்ளைக் காளைகளைப் பலியிடுவார்கள் என்று ரோமானியரான பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதினார். பேகன் காலத்துக் கெல்ட் மக்களின் செடிச் சடங்கு என்று நேரடியாகக் காட்டக்கூடியவை மிகச் சில. இது அவற்றில் ஒன்று. ஷாம்ராக் என்ற மூவிலைச் செடியின் இலையைக் காட்டி அயர்லாந்தின் புனிதர் பாட்ரிக் மூவொரு கடவுளை விளக்கினார் என்ற கதையோ 1726இல்தான் அச்சில் தலைகாட்டுகிறது.

முடிச்சையும் செடியையும் இழைத்துக் கடைப் பொருளாக்கும் வழக்கம் எப்போது வந்தது? 1850இல் அயர்லாந்துக் கடற்கரையில் தாரா புரூச் என்ற 8ஆம் நூற்றாண்டு அணிகலன் கிடைத்தது. டப்ளின் நகைக்கடைக்காரர் ஒருவர் அதன் நகல்களைச் செய்து, மறு ஆண்டே லண்டன் மாபெரும் கண்காட்சியில் வைத்தார். கெல்டிக் வடிவம் பரவலான விற்பனைச் சரக்காவதற்கு அது பெரிதும் உதவியது. 1899 முதல் லண்டனின் லிபர்ட்டி கடை கெல்டிக் பாணி வெள்ளிச் சாமான்களையும், பின்னர் பியூட்டர் (வெள்ளீயக் கலவை) சாமான்களையும் விற்றது. அவற்றில் பலவற்றை வரைந்தவர் மேன் தீவில் பிறந்த ஆர்ச்சிபால்ட் நாக்ஸ். தம் தீவின் பழைய கற்சிலுவைகளைப் பார்த்து வளர்ந்தவர். முடிச்சின் கோட்டை நீண்ட செடித்தண்டாக மாற்றி, அதன் நுனியில் இலையையும் மொட்டையும் அரும்பவைத்தவர். லிபர்ட்டி தன் வடிவமைப்பாளர்களின் பெயரை வெளியிடாது என்பதால் அந்தச் சாமான்களை வாங்கியவர்களுக்கு நாக்ஸ் யாரென்றே தெரியாது. 1902இல் டப்ளின் அருகே எவலின் கிளீசன் நிறுவிய டன் எமர் கூடத்தில் கவிஞர் யேட்ஸின் சகோதரிகளும் சேர்ந்துகொண்டார்கள்; அங்கே பெண்கள் கம்பளம் நெய்தார்கள், லாக்ரே பேராலயத்துக்குக் கொடித்துணிகளில் பூவேலை செய்தார்கள். இன்றைய கெல்டிக் மலர்ப் பையின் உண்மையான முன்னோர்கள் இவர்களே. நூற்றிருபது ஆண்டு மரபு அது. “பழங்காலம்” என்ற முகமூடி இல்லாமலே அது தலைநிமிர்ந்து நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. வட்டத்துக்குள் நான்கு கையும் சம நீளமாக இருக்கும் சிலுவையைத் தனியே எடுத்துப் பையில் போடாதீர்கள். வெள்ளை இனவெறி அமைப்புகள் அதைத் தங்கள் சின்னமாக்கிக்கொண்டன. ஜெர்மனியில் தடைசெய்யப்பட்ட நவநாஜி அமைப்பின் சின்னம் என்ற வகையில் அது சட்டச் சிக்கலுக்கும் உரியது. அடிக்கால் நீண்ட, முடிச்சு செதுக்கிய அயர்லாந்து நெடுஞ்சிலுவைக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இனி துணி. முடிச்சு வடிவத்துக்குத் துணியின் கனம் முக்கியம். சதுர மீட்டருக்கு 140 கிராம் எடையுள்ள மெல்லிய காடாப் பையில் பொருளைப் போட்டதும் துணி இழுபடும், முடிச்சு கோணலாகும். சதுர கஜத்துக்கு 10 அவுன்ஸ் கேன்வாஸ், அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 340 கிராம், இருந்தால் வடிவம் நிமிர்ந்து நிற்கும். ஆனால் கனத்த கேன்வாஸின் நெசவு முரடானது; கோடு கீழே போகும் இடத்தில் விடும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் மை பரவி மூடிக்கொள்ளும், மேல்-கீழ் என்ற அழகே அழிந்துவிடும். கோட்டின் தடிமனில் மூன்றில் ஒரு பங்காவது இடைவெளி விடுவது என் பழக்கம். வெளுக்காத காடாத் துணியில் பருத்திக்கொட்டைப் பொட்டுகள் தெரியும். அவை லா டென் கொடிக்கு அழகு சேர்க்கும், நுண்ணிய கெல்ஸ் பாணி முடிச்சைக் கெடுக்கும். பிக்மென்ட் மையில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தால் சூட்டில் முறையாகப் பதப்படுத்தியிருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் சில துவைப்பில் வெளிறும். பை முழுவதும் விளிம்பு வரை பல நிறப் படம் இருந்தால் அது அநேகமாக பாலியெஸ்டர், விவரக் குறிப்பைப் படித்துவிட்டு வாங்குங்கள். கைப்பிடி பொருந்தும் இடத்தில் சதுரத் தையலும் அதற்குள் பெருக்கல் குறித் தையலும் இருக்க வேண்டும். கரூரிலும் ஈரோட்டிலும் ஏற்றுமதிக்குத் துணிப்பை தைக்கும் இடங்களில் இதை விளக்க வேண்டிய தேவையே இருக்காது.

பருத்திப் பை என்பதாலேயே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற எண்ணத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 2011இல் பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வின்படி, ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலில் குறைந்த பங்கு வகிக்க, ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும். ஒரு பை வாங்கி நெடுநாள் சுமப்பதே கணக்குக்கு ஒத்துவரும். அதற்கு ஏற்ற அச்சும் தையலும் வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

நீங்களே வரைவதானால் மூலத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. டெஸ்பரோ கண்ணாடியும் கெல்ஸ் நூலும் யாருடைய காப்புரிமையிலும் இல்லை. ஆனால் அவற்றின் புகைப்படங்களுக்கு அந்தந்த நிறுவனங்கள் உரிமை கோரும். படத்தை எடுத்து ஒட்டாமல், பார்த்து நீங்களே வரையுங்கள். ரொமிலி ஆலன் 1907இலும் நாக்ஸ் 1933இலும் மறைந்தார்கள். அவர்கள் வரைந்தவற்றை யாரும் பயன்படுத்தலாம். ஜார்ஜ் பெய்ன் மறைந்தது 1968இல். அவருடைய முறையைப் பின்பற்ற எந்தத் தடையும் இல்லை. அவர் வரைந்த படங்களை அப்படியே எடுத்து அச்சிடுவதானால் இந்தியச் சட்டப்படி 2028 முடியும் வரையும், பிரிட்டனில் விற்பதானால் 2038 முடியும் வரையும் உரிமையாளரின் அனுமதி வேண்டும்.